உறையவைத்தாலும் காயவைத்தாலும் சாகாதவை

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்தும் டீச்சர் ஒருவர், தன் மாணவி கேட்ட கேள்வியை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார். "ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி வளராது, வெயிலில் காயவைத்தால் கிருமி வளராது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கடுங்குளிரும் கடும் வறட்சியும் ஒன்றாக இருக்கும் அண்டார்க்டிகாவில் மட்டும் கிருமி எப்படி இருக்கிறது? அங்கே இருந்தால் செவ்வாயிலும் இருக்குமா?" இதற்கு வகுப்பில் எப்படிப் பதில் சொல்வது, கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்.

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்கள் இதே கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள்.

அவளை இடது தோளுக்குக் கீழே இருக்கும் சின்னத் தழும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்ததும் காசநோய்க்குத் தடுப்பாகப் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு அது. அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. தொழிற்சாலையில் அதை உறையவைத்து, உறைந்த நிலையிலேயே நீரை உறிஞ்சி எடுத்து, பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் அதில் உப்புநீர் கலந்ததும் மறுபடி உயிர்ச் செயல்கள் தொடங்குகின்றன. குளிரும் வறட்சியும் சேர்ந்தால் கிருமி ஒழிந்துவிடும் என்றால் இந்தத் தடுப்பூசியே கிடையாது. அவை இரண்டும் கிருமியின் வளர்ச்சியை நிறுத்துகின்றன. எல்லாக் கிருமியையும் கொல்வதில்லை. நம் ஊர் மாம்பழக் கூழை மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்தால் கெடுவதில்லை. எடுத்து வெளியே வைத்தால் அன்றைக்கே பொங்க ஆரம்பிக்கிறது. உள்ளே இருந்த ஈஸ்டும் பாக்டீரியாவும் எங்கேயும் போய்விடவில்லை.

பாடப்புத்தகத்தில் இருப்பது சரிதான், ஆனால் பாதிதான். வளர்வது ஒன்று, செத்துப்போகாமல் இருப்பது வேறு ஒன்று. இரண்டுக்கும் எல்லைகள் வெவ்வேறு. இந்த வித்தியாசத்தை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

இனி அண்டார்க்டிகாவுக்கு வருவோம். அங்கே மக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏறக்குறைய 4,500 சதுர கி.மீ. நிலம், கிட்டத்தட்ட நம் தருமபுரி மாவட்டத்தின் பரப்பு, பனிக்கட்டி மூடாமல் வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. பனிக்கண்டத்துக்கு நடுவே இப்படி ஓர் இடம் எப்படி வந்தது? உள்நாட்டுப் பனி வழிந்து வருவதை மலைத்தொடர் தடுக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் காற்று, சில சமயம் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில், இறங்க இறங்கச் சூடேறி, விழுகிற கொஞ்சப் பனியையும் உருகவிடாமல் நேராக ஆவியாக்கிக் கொண்டுபோகிறது. பள்ளத்தாக்கின் தரையில் ஆண்டு முழுக்க விழும் பனியை உருக்கினால் 3 முதல் 50 மில்லிமீட்டர் வரைதான் தேறும். மழை பொய்க்கிற மாவட்டம் என்று பெயரெடுத்த தருமபுரியிலேயே சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 15 முதல் மைனஸ் 30 டிகிரி வரை. வழிதவறி வந்து செத்த சீல்களின் (கடல்நாய்களின்) உடல்கள் அழுகாமல், காய்ந்த சடலமாகவே பல நூறு ஆண்டுகளாகக் கிடக்கின்றன.

1903இல் ஆங்கிலேயத் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழுவினர் இந்தப் பள்ளத்தாக்கு ஒன்றை முதலில் கண்டபோது, உயிருள்ள எதையும், ஒரு பாசியைக்கூட, அங்கே பார்க்கவில்லை என்றுதான் ஸ்காட் எழுதிவைத்தார். 1960களில் செவ்வாய்க்கு அனுப்பும் கருவிகளைச் சோதிக்க நல்ல இடம் என்று விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். மண்ணை எடுத்து ஊட்டக் கரைசலில் போட்டுப் பார்த்தார்கள். சில மாதிரிகளில் ஒன்றும் முளைக்கவில்லை. நார்மன் ஹோரோவிட்ஸும் ராய் கேமரூனும் 1972இல், இந்த மண்ணில் சில இடங்கள் முற்றிலும் கிருமியற்றவை, மற்ற இடங்களில் கிடைப்பது வெளியிலிருந்து காற்றில் வந்து விழுந்தவை என்ற கருத்தை வெளியிட்டார்கள். பூமியிலேயே இப்படி என்றால் செவ்வாயில் எங்கே உயிர் இருக்கப்போகிறது என்பதுதான் அதன் உட்பொருள்.

வுல்ஃப் விஷ்னியாக் இதை ஏற்கவில்லை. அவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர். செவ்வாய் மண்ணில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க ஒரு கருவியை வடிவமைத்திருந்தார். வைக்கிங் விண்கலத்தில் போக இருந்த அந்தக் கருவியைச் செலவு கூடிவிட்டது என்று 1972இல் நீக்கிவிட்டார்கள். அப்புறமும் அவர் விடவில்லை. மண்ணைப் பெயர்த்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பழக்கமில்லாத சத்தான கரைசலில் போட்டு வளரவில்லை என்று சொல்வது நியாயமல்ல, அது இருக்கிற இடத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கண்ணாடித் தகடுகளை அந்த மண்ணிலேயே புதைத்து வைத்தார். அவற்றில் வளர்ச்சி தெரிந்தது. 1973 டிசம்பர் 10 அன்று, வைத்துவிட்டு வந்தவற்றை எடுக்கத் தனியாகப் போனவர் ஆஸ்கார்ட் மலைத்தொடரில் சரிவிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

அவருடைய பொருள்களில் சில பாறைத் துண்டுகள் இருந்தன. இம்ரே ஃப்ரீட்மன் என்ற பாசியியலாளர், இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் பாறைக்குள்ளே பாசி வாழ்வதை முன்பே கண்டவர், அண்டார்க்டிகாவிலிருந்து கல் கொண்டுவரச் சொல்லியிருந்தார். விஷ்னியாக்கின் மனைவி அந்தத் துண்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். ஃப்ரீட்மனும் ரோஸெலி ஒகாம்போவும் அதை உடைத்துப் பார்த்தார்கள். மேல்தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழே, மணற்கல்லின் மணிகளுக்கு இடையே, பச்சையாக ஒரு கோடு. நீலப்பச்சைப்பாசி, அதாவது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருவகை பாக்டீரியா. அந்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கியதும் அதே ஆண்டில்தான். உயிரில்லை என்று எல்லோரும் மேலே தேடிக்கொண்டிருக்க, அது கல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. நுண்ணுயிரியல் வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான நிகழ்ச்சி இது. விஷ்னியாக்கின் பெயரை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கல்லுக்குள் ஏன் போகிறது? அந்த மணற்கல்லில் நுண்துளைகள் நிறைய. கோடையில் வெயில் நேராக விழும்போது, காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாலும், கல் பத்து டிகிரிக்கு மேலேகூடச் சூடேறிவிடும். மேலே ஒட்டியிருக்கும் பனி கொஞ்சம் உருகித் துளைக்குள் இறங்கும். மேலே காற்று எவ்வளவு வறண்டிருந்தாலும், துளைக்குள் புகுந்த ஈரம் உடனே வெளியேறாது. சில நாள், சில வாரம் தங்கும். கல்லின் மேலடுக்கு புற ஊதாக் கதிரை வடிகட்டி, ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான மங்கிய வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். பாசியும் பூஞ்சையும் சேர்ந்த லைக்கனும் உண்டு. கறுப்பு, வெள்ளை, பச்சை என்று அடுக்கடுக்காக உள்ளே நிற்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் இவை உண்மையில் வேலை செய்வது சில நூறு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. ஆகவே, "அந்தக் குளிரிலும் வறட்சியிலும் எப்படி வளர்கிறது" என்ற கேள்விக்குப் பாதிப் பதில், அந்தக் குளிரிலும் வறட்சியிலும் அது வளர்வதில்லை என்பதே. குளிரும் வறட்சியும் சற்று விலகும் சமயத்தில் அவசரமாக வளர்ந்துவிட்டு, மறுபடி அடங்கிவிடுகிறது.

அடுத்த பாதி, அடங்கியிருக்கும் காலத்தில் சாகாமல் எப்படி இருக்கிறது என்பது.

குளிர், வறட்சி என்று நாம் இரண்டு எதிரிகளாக நினைக்கிறோம். ஒரு செல்லைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் ஒரே எதிரி. நீர் மெதுவாக உறையும்போது முதலில் செல்லுக்கு வெளியே இருப்பதுதான் உறையும். பனிப் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. அதனால் மிச்சமிருக்கும் நீரில் உப்புக் கூடிக்கொண்டே போகும். அந்தச் செறிந்த உப்புநீர் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். செல் சுருங்கி வற்றிப்போகும். சுற்றிலும் பனிக்கட்டி இருக்க, நடுவே தாகத்தில் கிடக்கிறது அது. அதனால்தான் வறட்சியைத் தாங்கக் கற்ற உயிருக்குக் குளிரைத் தாங்குவதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. குளிரும் வறட்சியும் சேர்ந்தால் இரட்டைத் தண்டனை என்று உங்கள் மாணவி நினைத்ததில் தவறில்லை, ஆனால் செல்லின் கணக்கில் அது இரட்டிப்பாவதில்லை.

அந்தக் கணக்குக்கு ஓர் எண் உண்டு. நீர்ச் செயல்பாடு என்பார்கள். உப்போ சர்க்கரையோ மண்ணோ பிடித்துவைக்காத, உயிர் எடுத்துக்கொள்ளக் கிடைக்கிற நீர் எவ்வளவு என்பதன் அளவு அது. தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91 வாக்கில் நின்றுவிடும். உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீருக்கு 0.75. எந்த உயிரும் பெருகுவதற்கு இதுவரை தெரிந்த கீழெல்லை 0.6ஐ ஒட்டியே இருக்கிறது. அதுவும் சில பூஞ்சைகளுக்கும் உப்பில் வாழும் சில நுண்ணுயிர்களுக்கும்தான். நன்றாகக் காய்ந்த கேழ்வரகு இந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதால்தான் நம் முன்னோர் குழியில் கொட்டி மூடி ஆண்டுக்கணக்கில் வைத்தார்கள். இப்போது பாருங்கள்: மைனஸ் 20 டிகிரியில் பனிக்கட்டியோடு சேர்ந்திருக்கும் உப்புநீருக்கு இந்த எண் 0.82. அதாவது அந்தக் குளிர்கூட நீரின் அளவில் எல்லையைத் தாண்டவில்லை. பனிப் படிகங்களுக்கு நடுவே முடியளவு மெல்லிய உப்புநீர்ப் படலங்கள் திரவமாகவே இருக்கும்; அங்கே ஒரு பாக்டீரியாவுக்கு இடம் போதும்.

இதற்கு நல்ல சாட்சி கனடாவின் வட துருவப் பகுதி உறைமண்ணில் கிடைத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ். உப்பு மிகுந்த கரைசலில் மைனஸ் 15 டிகிரியில் அது பிளவுபட்டுப் பெருகுகிறது. மைனஸ் 25 டிகிரியிலும் அதன் உள்ளியக்கம் நடந்துகொண்டிருப்பதை 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இப்படிப்பட்டவற்றின் சவ்வில், குளிரில் இறுகிவிடாத கொழுப்புகள் கூடுதலாக இருக்கும். சாதாரண நொதிகள் குளிரில் விறைத்துப்போகும் இடத்தில், இவற்றின் நொதிகள் தளர்வான கட்டமைப்போடு வளைந்து கொடுக்கும். அந்தத் தளர்ச்சிக்கு விலையும் உண்டு. கொஞ்சம் சூடேறினால் அவை குலைந்துவிடும். இன்னொரு அண்டார்க்டிக் பாக்டீரியா, மரினோமோனாஸ், பனிக்கட்டியைப் பற்றிக்கொள்ளவே ஒரு நீண்ட புரதம் வைத்திருக்கிறது. ஏரியில் மேலே மிதக்கும் பனியின் அடியில் தொங்கினால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அருகிலேயே கிடைக்கும் அல்லவா?

நீர் திரவமாக இருந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அதே வறண்ட பள்ளத்தாக்கில் டான் வான் குட்டை என்று ஒன்று உண்டு, 1961இல் கண்டது. கால்சியம் குளோரைடு அவ்வளவு செறிந்திருப்பதால் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. கண்ணுக்கு முன்னால் நீர் அலையாடுகிறது. ஆனால் அதன் நீர்ச் செயல்பாடு 0.6க்கும் கீழே போய்விடுகிறது. அந்த நீரில் உயிர் பெருகுகிறது என்பதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. ஆய்வுக்கூடம் தேவையில்லாமல் வகுப்பிலேயே விளக்கிவிடக்கூடிய எடுத்துக்காட்டு இது. என் கருத்தில் இந்தப் பாடத்தில் இதைவிட நல்லது கிடைக்காது.

சரி, முழுக்கவே வற்றிப்போனால்? செல்லுக்குள் நீர் போனால் இரண்டு ஆபத்து. புரதங்களும் சவ்வுகளும் ஒன்றோடொன்று ஒட்டி உருக்குலையும். டிஎன்ஏ துண்டு துண்டாக உடையும். முதலாவதற்கு மருந்து, டிரெஹலோஸ் என்ற சர்க்கரை. செல் வற்றத் தொடங்கியதும் இதைக் குவித்துக்கொள்கிறது. மிட்டாய்க்குக் காய்ச்சும் பாகு முற்றியதும் படிகமாகப் பூக்காமல் கண்ணாடி போல இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். செல்லுக்குள்ளும் அப்படியே இறுகி, ஒவ்வொரு புரதத்தையும் அது இருந்த இடத்திலேயே அசையாமல் பிடித்துவைக்கிறது. நீர் வந்ததும் கரைந்து வழிவிடுகிறது. கடையில் விற்கும் உலர் ஈஸ்ட் வெதுவெதுப்பான நீர் பட்டதும் பொங்குவதற்கும் இந்தச் சர்க்கரையே பெரிய காரணம். இப்படி வற்றி உயிர்த்தெழுவதை 1702லேயே லேவன்ஹுக் கண்டிருக்கிறார், கூரைத் தாழ்வாரக் குழாயில் காய்ந்து கிடந்த புழுதியில் நீர் ஊற்றி.

டிஎன்ஏ உடைவதற்குக் கதை வேறு. 1956இல் அமெரிக்காவில், கதிர்வீச்சால் கிருமி நீக்கிய டின் இறைச்சி கெட்டுப்போனது. அதிலிருந்து பிரித்தெடுத்தது டெய்னோகாக்கஸ் ரேடியோடுரன்ஸ். மனிதனைக் கொல்ல 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) போதும். இது ஆயிரம் மடங்கைத் தாங்கும். பூமியில் எங்குமே இல்லாத அவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கும் திறன் இதற்கு ஏன் வந்தது என்பது நாற்பது ஆண்டுப் புதிர். 1996இல் மாட்டிமோர், பட்டிஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள்: கதிர்வீச்சைத் தாங்கும் திறனை இழந்த வகைகள் வறட்சியையும் தாங்கவில்லை. வற்றிப்போனாலும் டிஎன்ஏ அப்படித்தான் உடைகிறது. ஆக அது பழகியது வறட்சிக்கு. கதிர்வீச்சைத் தாங்குவது கூடவே வந்த பலன். டிஎன்ஏ உடையாமல் காப்பதைவிட, பழுதுபார்க்கும் புரதங்களை மாங்கனீசு சேர்மங்களால் காத்துக்கொள்வதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. நீர் வந்ததும் சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகளை வரிசைப்படுத்தி ஒட்டிவிடுகிறது.

இதற்கு அண்டார்க்டிகா வரை போகவேண்டாம், டீச்சர். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையையோ ராயக்கோட்டைப் பாறையையோ தூரத்திலிருந்து பார்த்தால் மேலிருந்து கீழாகக் கறுப்புத் தாரை தாரையாக வழிந்திருக்குமே, அதைப் பலர் கல்லின் நிறம் என்றோ புகை என்றோ நினைக்கிறார்கள். மழைநீர் வழியும் தடத்தில் ஒட்டி வாழும் நீலப்பச்சைப்பாசிக் கூட்டம் அது. சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் கைவைக்க முடியாது. மாதக்கணக்கில் ஒரு சொட்டு நீர் கிடைக்காது. சைட்டோனெமின் என்ற பழுப்புநிறப் பொருளை உறையில் பூசிக்கொண்டு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, பிசுபிசுத்த சர்க்கரைப் படலத்தைப் போர்த்திக்கொண்டு காய்ந்து கிடக்கிறது. முதல் மழையில் ஊறி, கொஞ்ச நேரத்திலேயே சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் தொடங்குகிறது. மழைக்குப் பின் பாறை வழுக்குவது அந்தப் படலத்தால்தான். நம் கல் இறுகிய கிரானைட்டும் நைஸ் என்ற பாறையும், மணற்கல் போல நுண்துளை கிடையாது. அதனால் இங்கே அது மேலேயே வாழவேண்டியிருக்கிறது, விரிசல் கிடைத்தால் மட்டும் உள்ளே போகும். நாஸ்டாக் என்ற இன்னொரு நீலப்பச்சைப்பாசி, தாவரக் காப்பகத்தில் 107 ஆண்டு காய்ந்து கிடந்த மாதிரியிலிருந்து மறுபடி வளர்ந்திருக்கிறது.

மாணவர்களை ஒரு பாறைக்கு அழைத்துப்போய், கறுப்புத் தடத்தில் உள்ளங்கையளவு இடத்தில் நீர் தெளித்துக் காட்டுங்கள். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் லைக்கன் வட்டங்கள் இருக்கும். நீர் பட்டதும் சில நிமிடத்தில் சில வகைகள் பச்சை காட்டும். ஓர் ஊசிமுனையளவு சுரண்டிப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் உறையோடு கூடிய இழைகள் தெரியும். சுரண்டுவதைச் சாதாரணப் பாறையில் மட்டும் செய்யுங்கள். கோட்டைச் சுவரிலோ மல்லச்சந்திரம் கற்திட்டைகளிலோ வேண்டாம்.

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது, புத்திசாலிப் பெண் என்றால் கேட்டுவிடுவாள். காத்திருக்கும் காலத்தில் கொஞ்சமாவது ஆற்றல் வேண்டாமா? டிஎன்ஏ தானாகவே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். பழுதுபார்க்க எரிபொருள் வேண்டும். வெளிச்சமே இல்லாத அண்டார்க்டிகாவின் நீண்ட இரவில், சத்தே இல்லாத மண்ணில், அது எங்கிருந்து வரும்?

2017 டிசம்பரில் இதற்கு வந்த விடையைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெலிண்டா ஃபெராரி, கிறிஸ் கிரீனிங் ஆகியோரின் குழு கிழக்கு அண்டார்க்டிகாவின் ராபின்சன் ரிட்ஜ், ஆடம்ஸ் ஃபிளாட் மண்ணை ஆராய்ந்தது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் அங்கே மிகக் குறைவு. ஆனால் அங்கிருந்த பாக்டீரியாக்களின் மரபணுக்களில், ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் எரிக்கும் நொதிகளுக்கான குறிப்பு இருந்தது. மண்ணைக் குப்பியில் அடைத்துப் பார்த்தபோது, சாதாரணக் காற்றில் இருக்கும் அளவுக்குக் கீழேயே அந்த வாயுக்கள் குறைந்துபோயின. நம் காற்றில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் அரைப் பங்குதான், கார்பன் மோனாக்சைடு அதைவிடக் குறைவு. அந்தத் துளியை உறிஞ்சி எரித்து, வரும் ஆற்றலில் உயிர் தரிப்பதோடு, கார்பன் டைஆக்சைடிலிருந்து உடலும் கட்டிக்கொள்கின்றன. சூரியனும் வேண்டாம், மண்ணின் சத்தும் வேண்டாம். இந்த எரிபொருள் தீர்ந்துபோவதும் இல்லை, ஏனென்றால் காற்று எல்லா இடத்துக்கும் வருகிறது. ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது நீர். வறண்ட செல்லுக்குள் அந்தத் துளியும் ஒரு வரவே.

இது அண்டார்க்டிகாவுக்கே உரிய வித்தை என்று எண்ண வேண்டாம். காற்றின் ஹைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஒன்றின் வடிவத்தை 2023இல் கண்டறிந்தார்கள்; அது கிடைத்தது மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸிடமிருந்து. பிசிஜி பாக்டீரியாவுக்கு உறவினர், சாதாரண மண்ணில் வாழ்வது.

உப்பின் உதவியையும் விட்டுவிடக்கூடாது. சிலியின் அட்டகாமா பாலைவனம் அண்டார்க்டிகா அளவு குளிர் இல்லை, ஆனால் வறட்சியில் அதற்குச் சளைத்ததல்ல. அங்கே உப்புப் பாறைக்குள் நீலப்பச்சைப்பாசி வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். ஐப்பசியில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதும் அதனால்தான். மழையே இல்லாமல், அதிகாலை ஈரக்காற்றிலிருந்து மட்டும் அந்தப் பாசி நீர் பெறுகிறது. 2017இல் அங்கே யுங்காய் பகுதியில் வழக்கமில்லாத மழை பெய்து குட்டைகள் தேங்கின. பாலைவனம் பூக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு: குட்டை நீரில் அங்கிருந்த நுண்ணுயிர் வகைகளில் முக்கால் பங்குக்கு மேல் காணாமல்போயின. உப்புச் செறிந்த வறண்ட வாழ்க்கைக்குப் பழகிய செல்லுக்குள் நல்ல நீர் பாய்ந்து, செல் வெடித்துவிட்டது.

எல்லையும் உண்டு என்பதை அழுத்திச் சொல்லிவிடுங்கள். எங்கே பார்த்தாலும் உயிர் இருக்கிறது என்ற உற்சாகத்தில் இது மறைந்துபோகிறது. வறண்ட பள்ளத்தாக்குகளிலேயே உயரமான யூனிவர்சிட்டி பள்ளத்தாக்கின் உறைமண்ணில், இயங்கும் உயிருக்கான அடையாளமே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2016இல் சொன்னது. அங்கே காற்றின் வெப்பநிலை கோடையிலும் உறைநிலையைத் தாண்டுவதில்லை. 2021இல் ஷாக்கில்டன் பனியாற்றங்கரையின் 204 மண் மாதிரிகளை ஆராய்ந்தபோது ஐந்தில் ஒரு பங்கு மாதிரிகளில் எந்த முறையிலும் நுண்ணுயிர் தெரியவில்லை. உயரமும் குளிரும் வறட்சியும் உப்பும் கூடக்கூட அது நிகழ்ந்தது. ஹோரோவிட்ஸ் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. விஷ்னியாக் சொன்னதில் நிறைய உண்மை இருந்தது. நீர் எப்போதாவது உருகும் வாய்ப்பு முற்றாக அற்றுப்போகும் இடத்தில் உயிரும் அற்றுப்போகிறது.

நம் நாட்டவர் செய்ததும் குறைவல்ல. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சிசிஎம்பி) எஸ். சிவாஜி குழுவினர் அண்டார்க்டிக் மண்ணிலிருந்து புதிய பாக்டீரியா இனங்களைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் நம் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பகுதியே பனியில்லாத ஒரு குளிர்ப் பாலை. இஸ்ரோ ஹைதராபாத்திலிருந்து அனுப்பிய பலூன் 20 முதல் 41 கி.மீ. உயரக் காற்றைப் பிடித்துவந்தது. அதில் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்ததாக 2009இல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர். குளிர், வறட்சி, புற ஊதாக் கதிர் மூன்றும் சேர்ந்த இடம் அது. ஆரியபட்டர் பெயர் கொண்டதைப் பின்னாளில் சாதாரணச் செடிகளின் வேர்மண்ணிலும் கண்டிருக்கிறார்கள்.

கடைசியாகச் செவ்வாய். சராசரி மைனஸ் 60 டிகிரி. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் அங்கே மண்ணுக்கடியில் பனிக்கட்டியையும், மண்ணில் பெர்குளோரேட் உப்பையும் கண்டது. அந்த உப்பு நீரைக் கடுங்குளிரிலும் திரவமாக வைக்கும் என்று ஒரு நம்பிக்கை எழுந்தது. ஆனால் செவ்வாயின் மேற்பரப்பில் நிலைக்கக்கூடிய உப்புநீர் மைனஸ் 48 டிகிரிக்கு மேல் சூடேறாது என்று 2020இல் ஒரு கணக்கீடு வந்தது. பூமியில் செல் பெருகுவதற்குத் தெரிந்த எல்லை மைனஸ் 20க்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. நடுவே இருக்கும் இடைவெளி பெரியது. இன்றைக்குச் செவ்வாயின் மேற்பரப்பில் எதுவும் வளர்ந்துகொண்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

காத்திருக்கலாமா என்பது தனிக் கேள்வி. அங்கே பாதுகாப்பான காற்றுப் போர்வையும் காந்தப்புலமும் இல்லாததால் அண்டக் கதிர்கள் நேராக விழுகின்றன. செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி அளந்தபடி ஆண்டுக்கு 0.08 கிரேக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு அது அற்பம், பத்து லட்சம் ஆண்டுக்கு 76,000 கிரே. உறங்கும் செல்லால் பழுதுபார்க்க முடியாது, சேதம் சேர்ந்துகொண்டே போகும். இங்கேதான் குளிரும் வறட்சியும் காப்பாக மாறுகின்றன. 2022இல் டெய்னோகாக்கஸை உலர்த்தி, உறையவைத்துச் சோதித்தபோது 1,40,000 கிரே வரை தாங்கியது. நீரில் இருக்கும்போது தாங்குவதைவிடப் பல மடங்கு. கதிர் முதலில் தாக்குவது நீரை. நீர் சிதைந்து உண்டாகும் வேகமான துணுக்குகளே செல்லை அதிகம் அழிப்பவை. நீரும் இல்லை, இருப்பதும் அசையாது என்றால் அந்த அழிவு குறைந்துவிடுகிறது. அந்த அளவீட்டை வைத்துப் பார்த்தால், செவ்வாயில் 10 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டும், 10 மீட்டர் ஆழத்தில் 28 கோடி ஆண்டும் அப்படி ஓர் உயிர் கிடந்து பிழைக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

செவ்வாயில் ஆறு ஓடியது அதற்கெல்லாம் மிக முன்பு, 300 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இடையில் விண்கல் மோதியோ நிலத்தடி வெப்பத்தாலோ பனி எப்போதாவது உருகி, பழுதுபார்க்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருந்தால் மட்டுமே அந்த உறக்கம் தொடர்ந்திருக்க முடியும். உயிரோடு எதுவும் கிடைக்காவிட்டாலும், ஆழத்தில் அதன் எச்சமாவது சிதையாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பத் தயாராகும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தியில் 2 மீட்டர் ஆழம் வரை துளைக்கும் கருவி இருப்பது இதற்காகவே. இதுவரை அங்கே எந்தக் கருவியும் அவ்வளவு ஆழத்திலிருந்து மண் எடுத்ததில்லை. உங்கள் மாணவி கல்லூரிக்குப் போகும் காலத்தில் அந்த மண்ணின் முடிவுகள் வந்துகொண்டிருக்கலாம்.